‘நே’ என்றால் ஆமாவா, இல்லையா?

“ஐரோப்பாவில் ஒரே சின்னச் சொல் ஒரு நாட்டில் ‘ஆமாம்’ என்றும் பக்கத்து நாட்டில் ‘இல்லை’ என்றும் பொருள்படும் என்கிறார்களே, உண்மையா? அது எப்படித் தலைகீழாக மாறியது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். அந்தச் சொல் ‘நே’. கிரேக்கத்தில் ஆமாம், பல்கேரிய மொழியில் இல்லை. துருக்கியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை, அங்கே ‘நே?’ என்றால் ‘என்ன?’. இந்த மூன்று நாடுகளின் எல்லையும் துருக்கியின் எடிர்னே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆற்றங்கரையில் சந்திக்கிறது. அந்த ஆற்றுக்கே மூன்று பெயர்: பல்கேரியர்களுக்கு மாரித்சா, கிரேக்கர்களுக்கு எவ்ரோஸ், துருக்கியருக்கு மெரிச். பல்கேரியாவின் ஸ்விலென்கிராடில் காலைக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரே ‘நே’க்கு மூன்று அர்த்தங்களையும் கேட்டுவிடலாம்.

ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே எதுவும் தலைகீழாக மாறவில்லை. சம்பந்தமே இல்லாத மூன்று சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஓசையில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

பல்கேரிய ‘நே’தான் பரம்பரைச் சொத்து. இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமான பழைய மொழியில் மறுப்புக்கு ‘நெ’ என்று ஒரு சொல் இருந்தது. சமஸ்கிருத ‘ந’, பாரசீக ‘நா’, ரஷ்யாவிலிருந்து செக் வரைக்கும் ஸ்லாவிய மொழிகளின் ‘நே’, லிதுவேனிய ‘நெ’ எல்லாம் அதன் பிள்ளைகள். ஆங்கிலத்தில் இது மற்ற சொற்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘எவர்’ முன்னால் இதைச் சேர்த்துத்தான் ‘நெவர்’ வந்தது, ‘ஒன்’ முன்னால் சேர்த்து ‘நன்’. ஜெர்மன் ‘நைன்’, லத்தீன் ‘நோன்’ இரண்டுமே ‘ஒன்றுகூட இல்லை’ என்று பிறந்தவை.

ஏன் இப்படி ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள்? வெறும் ‘நெ’ ஒரே அசை, வேகமாகப் பேசும்போது காதில் விழாது. அதனால் ‘ஒன்றுகூட’, ‘ஒருபோதும்’ என்று பக்கத்துணை சேர்த்தார்கள். நாமும் வெறுமனே ‘இல்லை’ என்று விடாமல் ‘ஒண்ணுமே இல்லை’ என்போமே, அதே உந்துதல்தான். பிரெஞ்சில் வினைக்கு முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’ வரும், இந்தப் ‘பா’ முதலில் காலடியைக் குறித்த சொல், அதாவது ‘ஓரடிகூட நடக்கவில்லை’ என்ற மாதிரி வாக்கியங்களில் துணைக்கு வந்தது. இன்றைக்குப் பேச்சுப் பிரெஞ்சில் ‘ந’வை விழுங்கிவிட்டு ‘ழ சே பா’, எனக்குத் தெரியாது, என்கிறார்கள். துணைக்கு வந்தது வீட்டுக்காரர் ஆகிவிட்டது, உண்மையான மறுப்புச்சொல்லைக் காணோம்! டேனிஷ் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-இல் வெளியிட்ட நூலில் இந்தப் போக்கைப் பல மொழிகளிலிருந்து எடுத்துக் காட்டினார், பிற்பாடு இதற்கு ‘யெஸ்பெர்சன் சுழற்சி’ என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரி, கிரேக்கத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. பிரெஞ்சுக்காரர்கள் இப்போது செய்துகொண்டிருப்பதை கிரேக்கர்கள் ஹோமர் காலத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள் என்பது பல அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். ‘வாழ்நாளில் ஒருபோதும் இல்லை’ என்பதுபோல ஒரு நீண்ட தொடர் இருந்திருக்கிறது, அதில் ‘நெ’ உதிர்ந்துபோய் ‘வாழ்நாள்’ என்ற பகுதி மட்டும் ‘ஊ’ என்று மிஞ்சி அதுவே ‘இல்லை’ ஆனது. அதன் அழுத்தமான வடிவம் ‘ஊகி’, அதிலிருந்து இன்றைய ‘ஓஹி’. ஆக, பழைய ‘நெ’ கிரேக்கத்தில் தனிச்சொல்லாக இல்லாமல் போனது. அதன் தம்பி மட்டும் முன்னொட்டாகத் தங்கியிருக்கிறான், ‘பிளக்க முடியாதது’ என்று பொருள்படும் ‘ஆட்டம்’ என்ற அணுவின் பெயரில் வரும் முதல் எழுத்து அவன்தான். சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த ‘அநியாயம்’, ‘அதர்மம்’ இவற்றின் ‘அ’வும் அதே ஆள்.

அப்படியானால் கிரேக்க ‘நே’ எங்கிருந்து வந்தது? அது ‘நெ’யே இல்லை. பழைய கிரேக்கத்தில் அது ‘நை’. ‘சத்தியமாக’, ‘நிச்சயமாக’ என்று அடித்துச் சொல்லும் சொல். பைபிளில் மத்தேயு 5:37-இன் கிரேக்க மூலத்தில் ‘நை நை, ஊ ஊ’ என்று ஆமாமும் இல்லையும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். காலப்போக்கில் கிரேக்கர்கள் வாயில் ‘ஐ’ ஒலி ‘எ’ ஆகச் சுருங்கியது, நாம் ‘வைத்தான்’ என்று எழுதிவிட்டு ‘வெச்சான்’ என்று பேசுகிறோமே, அப்படி. ‘நை’ ‘நே’ ஆனது, பக்கத்து ஸ்லாவிய மறுப்போடு முட்டிக்கொண்டது. எழுத்தில் மட்டும் இன்னும் பழைய ‘நை’தான். 2015 ஜூலை 5 அன்று கடன் நிபந்தனைகள் குறித்துக் கிரீஸில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது வாக்குச்சீட்டில் அச்சிட்டிருந்தது ‘ஓஹி’, ‘நை’ என்ற இரண்டு சொற்கள். (ஓஹி 61 சதவீதத்தைத் தாண்டி ஜெயித்தது.)

ஓஹி என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்தச் சொல்லுக்கு அங்கே அரசு விடுமுறையே உண்டு. 1940 அக்டோபர் 28 விடிவதற்கு முன் இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியின் தூதர் வந்து, எங்கள் படையை உள்ளே விடுங்கள் என்று கேட்க, பிரதமர் மெதாக்சாஸ் மறுத்தார். அந்த நாளை ‘ஓஹி நாள்’ என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் தூதரிடம் சொன்னது பிரெஞ்சில், ‘அப்படியானால் போர்தான்’ என்று.

துருக்கிய ‘நே’ வேறு குடும்பம், வேறு கதை. அந்த மொழியின் சொந்தச் சொற்கள் ‘ந’வில் தொடங்குவதே அபூர்வம், இந்தக் கேள்விச்சொல் விதிவிலக்கு. ‘நெரெதே’ (எங்கே), ‘நெதென்’ (ஏன்), ‘நே ஸமான்’ (எப்போது) எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. துருக்கியிலேயே ‘நே அது, நே இது’ என்று சொன்னால் ‘அதுவும் இல்லை, இதுவும் இல்லை’. அது பாரசீகத்திலிருந்து கடன் வாங்கியது. ஆக, பழைய இந்தோ ஐரோப்பிய ‘நெ’ சுற்றுவழியாக இஸ்தான்புல்லுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மற்ற மொழிகளிலும் இந்த அசை சும்மா இல்லை. அல்பேனியனில் ‘நாம்’, ருமேனியனில் ‘நம்மை’, இத்தாலியனில் ‘அதிலிருந்து’. போர்ச்சுகீசியப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ‘நெ?’ என்று இழுத்தால் ‘அப்படித்தானே?’, ஜெர்மன் பேச்சிலும் அதே இழுப்பு உண்டு. இவற்றில் பலவும் நீளமான சொற்களின் மிச்சம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், சொல்லைவிடத் தலைதான் ஆபத்து. பல்கேரியர்கள் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும். கிரேக்கர் தலையை லேசாக மேலே தூக்கி உச்சுக்கொட்டினால் உங்கள் மேல் பரிதாபப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம், ‘இல்லை’ என்கிறார். நம்மூர்த் தலையாட்டலை அங்கே காட்டினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: ஆமாமுக்குப் பல்கேரியாவில் ‘தா’, கிரீஸில் ‘நே’, துருக்கியில் ‘எவெத்’.