மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து ஹட்டனுக்குக் கித்துல்கலை வழியாகப் போகலாமா, கண்டி வழியாகச் சுற்றிப் போவது நல்லதா?

கித்துல்கலை வழியாகவே போகலாம், பகலில் போங்கள். நீங்கள் மலையகத்துக்கு முதல் முறையாகப் போகிறவர் என்று நினைக்கிறேன். சிவனொளிபாத மலைக்காக இருக்கலாம். அந்த வீதியைப் பற்றி யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். என் தாத்தா அந்த வீதியில் வேலை செய்தவர், அதனால் எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவிசாவளையில் பிரியும் ஏ7 வீதி, யட்டியந்தோட்டை தாண்டிக் கித்துல்கலை வரை களனி கங்கைக் கரையோடு போகிறது. பிறகு ஆற்றை விட்டுக் கினிகத்தேனைக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் வெட்டப்பட்ட மலை, மறுபக்கம் பள்ளம். மேலே வட்டவளை, இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மலையிலிருந்து இறங்கும் நீர் வீதியைக் கடந்துதான் பள்ளத்துக்குப் போயாக வேண்டும். அதைக் கடத்திவிடுபவை வீதியோர வடிகான்களும் வீதிக்கு அடியில் நீர் போகும் சின்னச் சின்ன மதகுகளும். மழை தொடங்கும் முன்பே மண்வெட்டியோடு போய் அவற்றைத் துப்புரவாக்குவதுதான் தாத்தாவின் வேலை. இந்த நாட்டு மலை வீதிகளில் பலவற்றை வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மவர்கள். கண்டி வீதியில் உள்ள கடுகண்ணாவையில் வீதி அமைத்த ஆங்கிலேயப் பொறியியலாளர் டோசனுக்குக் கோபுரம் நிற்கிறது. கல் உடைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். கித்துல்கலை தாண்டிய ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் மண்மேடு சரிந்திருந்தது. கைக்குழந்தைகளோடும் பலகாரப் பெட்டிகளோடும் விடியும்வரை காத்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சரிந்த இடத்துக்குச் சற்று மேலே இருந்த மதகின் வாய் மண்ணாலும் பிளாஸ்டிக் போத்தல்களாலும் அடைத்துக் கிடந்தது. போக்கிடம் இல்லாத நீர் வீதியோரத்தை அரித்து, வெட்டிய மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில் அதே சரிவு, அதே மழை. அங்கே மதகு திறந்திருந்தது, மண் அசையவில்லை. பெகோ இயந்திரம் வந்து மண்ணை அள்ளியது. மதகை யாரும் தொடவில்லை.

நான் பொறியியலாளர் இல்லை. எல்லா மண்சரிவுக்கும் கான்தான் காரணம் என்று சொல்லவும் இல்லை. பாறையின் தன்மை, மலையடியை வெட்டி வீடு கட்டுவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதே களனி கங்கையின் கொழும்பு முனையில் 2021 நவம்பரில் ஜப்பானியக் கடனுதவியோடு ஆறு வழித்தடப் பாலம் திறந்தோம். அந்தப் பாலம் வேண்டாம் என்பவன் அல்ல நான். அந்தப் பாலத்தடிப் பேலியகொடை நெரிசலில் நானும் தவித்திருக்கிறேன். அதே ஆற்றின் மேல்பகுதியில் ஒரு மதகைத் துப்புரவாக்க ஆள் இல்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

கண்டி வழியைக் கேட்டீர்கள். கடுகண்ணாவையிலும் மண் சரிகிறது. கம்பளை, நாவலப்பிட்டி வழியாகச் சுற்றினாலும் கினிகத்தேனையில் இதே வீதியில்தான் வந்து சேர்வீர்கள்; வட்டவளைப் பகுதியைத் தவிர்க்க முடியாது. எனவே நேரம்தான் வீண்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பண்டிகைக் காலத்தில் சில தனியார் பஸ்களில் ஹட்டனில் இறங்குபவரிடமும் நுவரெலியா வரைக்கான கட்டணத்தை வாங்குகிறார்கள். அன்று இரவும் அப்படித்தான். டிக்கெட் கேட்டவர்களிடம் நடத்துனர் எரிந்து விழுந்தார். வருடம் முழுவதும் கொழும்புக் கடைகளில் நின்று உழைத்துவிட்டு, ஊருக்குப் போகும் ஒரே நாளில் இப்படிப் பறிகொடுக்க வேண்டுமா? நீங்களாவது டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

புறப்படும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். கேகாலை, நுவரெலியா இரண்டு மாவட்டங்களையும் பார்க்க வேண்டும்; வீதி இரண்டிலும் போகிறது. லக்ஷபான, கெனியன் நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் மேலே கடும் மழை என்று அர்த்தம், பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் கித்துல்கலையிலேயே தங்கிவிடுங்கள். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் இரவில் தோட்டப் பாதைகளில் இறங்க வேண்டாம்.