டீச்சர், ஒரு சந்தேகம்!

கும்பகோணம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் 31 வருடம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் ஊசி நூல் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் கட்டிய 11 பருத்திப் புடவைகள் பீரோவில் இருக்கின்றன. அதில் ஒரு போர்வை தைத்து வைத்துக்கொள்ள ஆசை. இரண்டு தடவை கத்தரியைக் கையில் எடுத்தும் வெட்ட மனசு வரவில்லை. என்ன செய்யட்டும் டீச்சர்?
– வாசகி, மன்னார்குடி

கத்தரியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

ஒரு புடவையைத் தரையில் விரித்து, முந்தானையும் உள்முனையும் ஒன்று சேர்கிற மாதிரி இரண்டாக மடியுங்கள். 5.5 மீட்டர் புடவை 2.75 மீட்டர் ஆகும். அகலம் எப்படியும் 45 அங்குலம் இருக்கும். ஒரு ஆள் தலை முதல் கால் வரை போர்த்திக்கொள்ள இது போதும். இரண்டாவது புடவையையும் இதே மாதிரி மடித்து, முதல் புடவையின் மடிப்புக்குள் செருகுங்கள். நாலு அடுக்கு வந்துவிட்டது. உங்கள் ஊர் மார்கழிக்கு அது தாராளம், பஞ்சு கிஞ்சு எதுவும் வேண்டாம்.

எதை வெளியே வைப்பது, எதை உள்ளே வைப்பது? ஒவ்வொரு புடவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். அப்படிப்பட்டதை உள்ளே வையுங்கள். சுங்குடி, காஞ்சி காட்டன், சின்னாளபட்டி எல்லாமே நன்றாக வரும். பட்டு வேண்டாம். பழைய பட்டு மடிப்பிலேயே கீறிக்கொள்ளும், ஜரிகை கன்னத்தைப் பிராண்டும். கஞ்சி போட்ட புடவை என்றால் இரண்டு தடவை அலசிவிடுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும்.

சாயம் போகுமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மாமியாரின் அரக்கு நிறச் சுங்குடியையும் ஒரு வெள்ளைப் புடவையையும் சேர்த்துத் தைத்து, முதல் தடவை நனைத்தேன். வெள்ளை முழுக்க ரோஸ் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. இரண்டு மாத வேலை! ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அப்புறம் தையல். நாலு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்கள். நான் ஆழாக்கு, இடிகல் என்று கைக்குக் கிடைத்ததை வைப்பேன். நடுவிலிருந்து நாலு பக்கமும் நீள நீளமாக டாக்கிங், அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல், போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி ஒதுங்கி ஒதுங்கி நடுவில் தொப்பை விழும். பிறகு சாதாரண ஓட்டுத் தையல்தான், இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாக. கோணலாகப் போனால் போகட்டும். வங்காளத்துக் காந்தா இப்படிப் பிறந்ததுதான். பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்திருக்கிறார்கள். உங்களிடம் கிழிந்த புடவை ஒன்று இருந்தால் அதன் கரையில் நூல் உருவிப் பாருங்கள். வரவில்லை என்றால் கடை நூல் இரண்டு இழை.

ஓரத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? வட கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் இருக்கும் சித்தி இனப் பெண்கள் நேர்மாறாக, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகிறார்கள். டாக்கிங்கும் கிடையாது. துண்டுத் துணிகளை விளிம்பு மடித்து அடுக்கிக்கொண்டே தைத்து, நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைத்து முடிக்கிறார்கள். கவந்தி என்று பெயர். அந்தக் கைப்பழக்கம் வந்த பிறகு நீங்களும் ஓரத்திலிருந்து போகலாம்.

தைக்கும்போது சிலது கண்ணில் படும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தோளில் பின் குத்திக் குத்தி வந்த ஓட்டைகள். முந்தானையில் கை துடைத்த மஞ்சள் கறை. என் அம்மா சாவிக்கொத்தை முந்தானை நுனியில் முடிந்து வைப்பார். அவர் புடவையைத் தைக்க உட்கார்ந்தபோது அந்த நுனி மட்டும் முடிச்சு போட்டுப் போட்டு நைந்து சுருங்கிக் கிடந்தது. நான் அதன் மேல் ஒட்டுப் போடவில்லை. அதைச் சுற்றி ஒரு வரி ஓட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். இப்போதும் அந்த மூலையை விரல் தானாகத் தேடிப்போகும்.

போர்வைக்கு இரண்டு புடவை போதும். மீதி ஒன்பதை அப்படியே வைத்திருங்கள். கட்டிக்கொள்ளவும் செய்யலாமே, யார் தடுத்தது?

மாமியார் கொடுத்த பழைய மிதி மெஷினில் தைக்கக் கற்றுக்கொள்கிறேன். துணிக்கு அடியில் நூல் தேன்கூடு மாதிரி சிக்கிக்கொள்கிறது. பாபினைப் பத்து தடவை கழற்றி மாட்டியும் அதே கதை. "மெஷினுக்கே உன்னைப் பிடிக்கவில்லை" என்று கணவர் கிண்டல் வேறு.
– வாசகி, அவிநாசி

பாவம் பாபின், அதை விட்டுவிடுங்கள். கீழே சிக்கல் விழுந்தால் தப்பு பெரும்பாலும் மேலே இருக்கும். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்காரவில்லை. அழுத்துகால் இறங்கியிருக்கும்போது நூல் கோர்த்திருப்பீர்கள். அப்போது தட்டுகள் இறுக்கி மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் மேலோடு நிற்கும். அழுத்துகாலைத் தூக்கிவிட்டு, முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். தைக்க ஆரம்பிக்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் நுனியையும் விரலில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று மிதி மிதியுங்கள்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் தையலே விழாது. சாதாரணக் காட்டனுக்கு 14ஆம் நம்பர் ஊசி. வாயில் துணி மாதிரி மெல்லிசுக்கு 11, தடித்த துணிக்கு 16. துணியில் இறங்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் முனை மழுங்கிவிட்டது, தூக்கிப் போடுங்கள். இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் துணியைக் கெடுத்துக்கொண்டவர்கள் என் வகுப்பில் நிறைய.

இன்னொன்று கேட்க வேண்டும்: வீட்டில் யாராவது தேங்காய் எண்ணெய் விட்டார்களா? மார்கழியில் அது உறைந்து மெஷின் கல்லாகிவிடும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு நூல் இல்லாமல் ஓட்டி, நன்றாகத் துடைத்து, மெஷின் ஆயில் விடுங்கள்.

பழகுவதற்குப் பழைய வேட்டி எடுங்கள். உங்கள் பக்கம் பனியன் கட்டிங் கிலோக் கணக்கில் கிடைக்கும், அதில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இழுபடும், தையல் தாவும், வெறுப்பு வரும். அதைச் சடை பின்னிக் கால்மிதி செய்யலாம்.

கணவருக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1924இல் ஜி. ராமச்சந்திரன், பின்னால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் அமைத்தாரே அவர்தான், இயந்திரமே கூடாதா என்று காந்தியிடம் கேட்டார். தையல் மெஷினுக்குக் காந்தி விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்று காரணமும் சொன்னார். உண்மையில் அந்த ஐசக் சிங்கர் அவ்வளவு உத்தமர் இல்லை. பல பெண்களிடம் இருபதுக்கு மேல் பிள்ளைகள். இந்தப் பின்பாதியைக் கணவரிடம் சொல்ல வேண்டாம்.

ரிட்டயர் ஆகி ஏழு மாதம். கையில் வேலை இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. தையல் கற்றுக்கொள்ளலாம் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆம்பிளை, அதுவும் 61 வயதில்...
– வாசகர், நாகர்கோவில்

சார், உங்கள் கல்யாணச் சட்டையைத் தைத்தது யார்? தெருமுனையில் காதில் பென்சிலோடு நின்ற ஒரு ஆம்பிளைதானே. எங்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தொம்பை தைப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் துணியில் யாளியும் பூவும் வெட்டி ஒட்டி, ஆள் உயரத்துக்குக் குழாய் மாதிரி தொங்கும். அதற்கு ஊசி பிடித்த கைகள், நான் பார்த்த வரை, ஆண் கைகள்தான்.

பட்டனில் ஆரம்பியுங்கள். பட்டனுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, அதையும் சேர்த்து ஐந்தாறு தடவை நூலை ஓட்டுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டுப் பட்டனைத் தூக்கினால் அடியில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் நூலை நாலு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் முடிச்சு. பட்டனுக்கு ஒரு கழுத்து கிடைத்துவிட்டது, சட்டைத் துணி சுருங்காது, சீக்கிரம் பிய்யாது. இப்படி வீட்டில் இருக்கும் எல்லாச் சட்டைக்கும் போட்டு முடியுங்கள். சிரித்த பிள்ளைகள் தங்கள் சட்டையோடு வந்து நிற்பார்கள். அப்போது வரிசையில் வரச் சொல்லுங்கள்.

மிச்சத் துணியில் ஒரு பை தைக்க எனக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. "இதைக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கலாமே" என்கிறார் என் அக்கா. பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, அரக்கோணம்

உங்கள் அக்கா ஆறு மணி நேரம் சீரியல் பார்த்தால் அதற்கு யார் பில் போடுகிறார்கள்?

சரி, கோபம் வேண்டாம். கணக்காகப் பார்த்தால் அக்கா சொல்வது சரிதான். 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு பைக்குப் பஞ்சமே இல்லை. லாபத்துக்காகப் பை தைக்க வேண்டாம். ஆனால் கைப்பிடி பிய்ந்து வெங்காயம் நடுரோட்டில் உருளாத பையைக் கடையில் தேடித்தான் எடுக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போடுங்கள். ஐந்து கிலோ அரிசி தாங்கும். தைத்த பிறகு முதல் பையை அக்காவுக்கே கொடுங்கள். பேச்சு குறையும்.

விளக்கு வைத்த பிறகு ஊசி எடுக்கக் கூடாது என்கிறார் பாட்டி. எனக்கோ வேலைவிட்டு வந்த பிறகுதான் நேரம். தோஷமா?
– வாசகி, திருநெல்வேலி

சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஊசி கீழே விழுந்தால் யாராவது மிதித்த பிறகுதான் கிடைக்கும். பாட்டியின் பயம் அதுதான் என்று நினைக்கிறேன். உங்களிடம் எல்இடி பல்பு இருக்கிறது, ஒரு காந்தமும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போது ஊசிகளை எண்ணிப் பெட்டியில் வையுங்கள். பாட்டிக்குத் திருப்தி வராது. அவர் தூங்கிய பிறகு தையுங்கள்.

எட்டு வயது மகள் தைக்க வேண்டும் என்று அடம். ஊசியைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

முனை மழுங்கிய, காது பெரிய ஊசி தையல் சாமான் கடையில் கிடைக்கும். கூடவே கால் மீட்டர் மேட்டி துணி. அதில் கட்டம் கட்டமாக ஓட்டை தெரியும், குழந்தை எண்ணி எண்ணிப் போடலாம். நீலகிரியில் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரியும் எண்ணிக்கைதான். வெள்ளைப் பருத்தித் துணியில் கோடு வரையாமல், இழைகளை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் மகளுக்கு இப்போதைக்கு அவள் பெயரின் முதல் எழுத்து போதும். தப்பாகப் போட்டால் பிரித்துத் திருத்திக் கொடுக்காதீர்கள். வகுப்பில் நான் அதைச் செய்து சில பிள்ளைகளை அழவைத்திருக்கிறேன். ஒரு பெண் அடுத்த வாரம் சாம்பிள் நோட்டையே கொண்டுவரவில்லை.

தைக்க ஆசை இருக்கிறது. 68 வயதில் ஊசியில் நூல் கோர்க்கத்தான் முடியவில்லை. பேரனைக் கூப்பிட்டால் போனிலிருந்து தலை நிமிர மாட்டேன் என்கிறான்.
– வாசகி, கோவில்பட்டி

எனக்கு 70. நம் கட்சிதான் நீங்களும். நூலைச் சாய்வாக வெட்டுங்கள், நுனி கூராக இருக்கும். எச்சில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நுனி வெளியே தெரிகிறதா இல்லையா என்கிற அளவுக்கு அழுத்திப் பிடியுங்கள். இப்போது ஊசிக் காதைக் கொண்டுவந்து அந்த நுனி மேல் வைத்து அழுத்துங்கள். நூல் ஆடுவதால்தான் இத்தனை நாள் தவறியது. ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் காது பளிச்சென்று தெரியும்.

பேரனை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடியுங்கள். பத்து ஊசி, பத்து நூல், ஐந்து நிமிஷம். ஒவ்வொரு நூலும் முழங்கை நீளம் போதும், அதற்கு மேல் போனால் சிக்கும். கோர்த்த ஊசிகளை ஒரு துணித்துண்டில் வரிசையாகக் குத்தி வைத்தால் வாரம் முழுக்க ஓடும். என் பேரன் ஒரு தடவை பத்து ஊசியையும் ஒரே நூலில் கோர்த்துக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மாலை மாதிரி தொங்கியது. அந்த வாரம் நான் ஒன்றும் தைக்கவில்லை.