விரிசலுக்குத் தேதி போட்ட பிள்ளை

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி மகளோடு வந்திருந்தார். சென்னையில் தனியார் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்பது கேள்வி. சிங்கப்பூர் அம்மான் தினமும் போன் செய்து நெருக்குகிறாராம். "கவலைப்படாதீங்க ஆச்சி" என்று ஆரம்பித்தவன், தொகையைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். வேண்டாம். அம்மானா வட்டி கட்டப்போகிறார்?

பிள்ளையிடம் பேசினேன். வீட்டு வளவுச் (உள்முற்றத்துச்) சுவர் விரிசலின் நுனியில் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, இரண்டு வருடமாகப் பார்த்து வருகிறாள். மழைக்காலத்தில்தான் நகர்கிறதாம். சரி, இவள் சிவில் படிக்க வேண்டியவள்.

அவள் செய்ததையே பாலத்திலும் அணையிலும் உணரிகளை (சென்சார்) வைத்துச் செய்கிறார்கள். அளவெடுப்பது பாதி வேலைதான். அதனால் என்ன லாபம் என்று கணக்குப் பார்ப்பதில்தான் சூட்சுமம். உணரி சொல்வதைக் கேட்டு நம் முடிவு மாறுமா? பாரத்தைக் குறைப்போமா, பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடுவோமா? எதுவும் மாறாதென்றால் கருவி தண்டச்செலவு. பொய் அலாரத்தை நம்பிப் பாலத்தை மூடினால் வரும் நஷ்டத்தையும் கழிக்க வேண்டும். ஐந்தொகை என்று வரவு செலவுக் கணக்கு போட்ட ஊருக்கு இது புதிதா?

காங்கிரீட்டை உடைக்காமலே உள்ளே இருக்கும் கம்பியின் துருவைக் கணிக்க ஒரு சோதனை உண்டு. செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும் கம்பியின் மின்னழுத்தம் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், துருப்பிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். எவ்வளவு வேகமாக என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு அளவீடு, வேறு செலவு.

2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். அறுந்த கேபிளின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறியவை என்றது விசாரணைக் குழு. அதே வருடம் டிசம்பரில் நம் பழைய பாம்பன் பாலத்தில், தூக்குப் பகுதியில் கோளாறு கண்டு ரயிலை நிறுத்தினார்கள். மண்டபத்தோடு ரயில் நின்றது எல்லோருக்கும் அலைச்சல்தான். ஆனால் உயிர் போகவில்லை.

இதற்குச் சென்னை எதற்கு? 1952இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். துருவை ஆராயும் செக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இதே ஊர். அப்புறம் மேற்படிப்பு, ஆராய்ச்சி என்றால் தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம். முதல் சில வருடம் வெயிலில் சைட் வேலை, சம்பளமும் சுமார்தான், அதை மறைக்கவில்லை. பிள்ளை தலையாட்டினாள். ஆச்சிதான் முகம் சுளித்தார்.

கவுன்சலிங் பட்டியலில் முதலில் இந்தக் கல்லூரி சிவிலைப் போடுங்கள். வீட்டுப் பத்திரம் பெட்டகத்திலேயே இருக்கட்டும். அம்மான் மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள் ஆச்சி, நான் பேசிக்கொள்கிறேன்.