காது நார்மலாம், ஆனால் பந்தியில் பேச்சு விளங்கவில்லை: இதற்குத் தனிச் சோதனை உண்டா?

கேட்டவருக்கு 46 வயது. காது சோதனை எடுத்ததில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பஸ்ஸிலும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது விளங்கவில்லை. இதற்கென்று வேறு சோதனை உண்டா, இல்லை எல்லாம் என் மனப்பிரமையா என்கிறார்.

பிரமை இல்லை. இரைச்சலுக்கு நடுவே பேச்சு விளங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. என் பிஎச்.டி. அந்தச் சோதனையைப் பற்றித்தான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே பெரியப்பாவால்தான். முப்பது வருஷம் விசைப்படகில், இஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்தவர். வீட்டில் எல்லாரும் அவருக்குக் காது கேட்காது என்று முடிவுகட்டி, கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒருநாள் எரிச்சலோடு சொன்னார்: "மக்கா, சத்தமெல்லாம் கேக்குது. பேச்சுதான் வெளங்கல்ல." பின்னாளில் பாடப் புத்தகத்தில் நான் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தது இந்த ஒரு வரியைத்தான்.

நீங்கள் எடுத்தது பெரும்பாலும் ப்யூர் டோன் சோதனையாக இருக்கும். ஹெட்போனில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக 'பீப்' கேட்கும், கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதுக்கு எட்டுகிறது என்று மட்டும் அது சொல்லும். மிக அவசியமான சோதனை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் நம்மிடம் 'பீப்' என்று பேசுவதில்லையே.

பெரியப்பாவின் தாளில் 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காகத்தான் போனது. 4000-இல் மட்டும் ஒரு பள்ளம், அதாவது அந்தச் சுருதியில் கேட்பது குறைவு. இரைச்சலில் வேலை பார்த்தவர்களிடம் அடிக்கடி காணும் பள்ளம் அது. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில், பலமாக வரும். 'யாரோ பேசுகிறார்கள்' என்று தெரிவது அவற்றால்தான். ச, ட, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் உயர்ந்த சுருதியில், மெலிந்து வரும். கூட்டத்தின் இரைச்சல் முதலில் விழுங்குவது அவற்றைத்தான்.

பள்ளமே இல்லாமல், உங்களைப் போல முழுக்க நார்மலாக இருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை வரும். 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை இரண்டு மணி நேரம் பலத்த சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது. ஆனால் உட்காதில் செவி நரம்பு வந்து சேரும் இணைப்புகளில் கணிசமான பங்கு போனது போனதுதான். பீப் சோதனையில் சிக்காத சேதம். மனிதர்களிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று இன்னும் விவாதம் நடக்கிறது, ஆகவே "உங்களுக்கும் இதுதான்" என்று நான் சொல்ல மாட்டேன். வயது, கவனம், ஞாபகம் என்று வேறு காரணங்களும் உண்டு.

இரைச்சலில் பேச்சு விளங்குகிறதா என்பதையும் வழக்கமான சோதனையில் சேருங்கள் என்று கார்ஹார்ட், டில்மன் என்ற ஆய்வாளர்கள் 1970-லேயே சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில் இன்றும் பல இடங்களில் பீப்போடு முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

சோதனை நடக்கும் விதம் எளிது. பின்னணியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல், அதன் மேல் ஒரு வாக்கியம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த வாக்கியத்தில் பேச்சை 2 டெசிபெல் குறைப்போம், தவறினால் 2 டெசிபெல் கூட்டுவோம். இப்படி ஏறி இறங்கி, பாதி சரி பாதி தவறு என்று ஒரு இடத்தில் வந்து நிற்கும். இரைச்சலைவிடப் பேச்சு எத்தனை டெசிபெல் கூடவோ குறைவாகவோ இருந்தால் அந்தப் பாதி கிடைக்கிறது என்பதே மதிப்பெண். ஒன்றிரண்டு டெசிபெல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் 1 டெசிபெல் மாறினாலே விளங்கும் அளவு 15 முதல் 20 சதவீதம் மாறும்.

இன்னொரு வசதி, இதற்குச் சத்தம் புகாத அறை கட்டாயமில்லை. பீப் சோதனையில் வெளியே ஆட்டோ போனால் கெட்டது. இதில் இரைச்சலை நாமே பலமாகக் கொடுத்துவிடுவதால் சின்னச் சின்ன வெளிச்சத்தம் அதற்குள் அமுங்கிவிடும். நான் ஊரில் பங்குக் கோயில் பக்கத்து அறையில் வைத்துத்தான் ஆட்களைச் சோதிக்கிறேன். திருவிழா ஒலிபெருக்கி கட்டிய அன்று மட்டும் லீவு.

இரைச்சலை உண்டாக்குவது அரை நாள் வேலை. என் தலைவலி வாக்கியங்கள். ஆங்கிலத்தில் 1994-இல் வந்த 'ஹின்ட்' சோதனையில் பத்துப் பத்து வாக்கியங்களாக 25 பட்டியல்கள். எல்லாம் ஒரே அளவு கடினம். தமிழில் அப்படிச் செய்ய உட்கார்ந்தால் முதல் கேள்வியே, எந்தத் தமிழ்?

எழுத்துத் தமிழில் வந்தான், வந்தாள் என்று கடைசி மெய் தெளிவாக நிற்கும். பேச்சில் 'வந்தான்' என்பதன் ன் பெரும்பாலும் மூக்கொலியாகத் தேய்ந்துபோகும், 'வந்தாள்' என்பதன் ள் காணாமலே போகும். மிச்சமிருப்பது ஒரு மூக்கொலி வித்தியாசம். இரைச்சலில் அதைப் பிடிப்பது யார்? வீட்டில் என்றால் யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரியும், சமாளித்துக்கொள்வோம். சோதனை வாக்கியத்துக்கு முன்கதை கிடையாது.

சரி, எழுத்துத் தமிழையே வைப்போம் என்று ஆரம்பித்தேன். கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். ஹெட்போனில் போன வாக்கியம்: "சிறுவன் சந்தையில் பலாப்பழம் வாங்கினான்." பாட்டி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "பயலு சந்தையில சக்கப்பழம் வாங்கினான்."

நான்கு சொல்லில் இரண்டு தப்பு. விதிப்படி அரை மார்க். ஆனால் 'பலா' காதில் விழாமல் சக்கை எப்படி வரும்? காது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, மனசு தன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. நான் பேனாவோடு முழித்தேன். பாட்டி ஹெட்போனைக் கழற்றாமலே, "என்ன மக்கா, நான் சொன்னது செரிதானே?" என்றார்.

என் கைடு கறார் பேர்வழி. அதே பொருள் வேறு சொல் என்று சலுகை கொடுக்க ஆரம்பித்தால், ஊகித்துச் சொல்பவருக்கும் மார்க் போய்விடும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். 1977-இல் வந்த 'ஸ்பின்' என்ற ஆங்கிலச் சோதனை இதற்காகவே, கடைசிச் சொல்லை ஊகிக்க முடிந்த வாக்கியம், முடியாத வாக்கியம் என்று இரண்டையும் கலந்து வைத்தது. மதிப்பெண் விதியை நான் தொடவில்லை, பலாப்பழத்தை எடுத்துவிட்டு மாம்பழம் வைத்தேன். அதற்குப் பிறகு தொடங்கியது சொல் வேட்டை. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) எங்களுக்குத் தெரியும், சென்னைக்காரருக்குத் தடுமாறும். மத்தி என்றால் எங்கள் கரையில் 'சாளையா?' என்று திருப்பிக் கேட்பார்கள். மாவட்டத்துக்குள்ளேயே விளவங்கோட்டுப் பேச்சு ஒன்று, தோவாளைப் பேச்சு ஒன்று. இரண்டு பக்கத்துக்கும் கல்லாய் நிற்காத சொல்லாகத் தேடித் தேடி வாக்கியம் கட்டுகிறேன். வட்டாரச் சோதனையே செய்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மதிப்பெண்ணை வெளியூர் கிளினிக்கிலும் எடுத்து ஒப்பிட முடியவேண்டும்.

வாக்கியமே வேண்டாம், எண்களை வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் உண்டு. நெதர்லாந்தில் 2003-இல் போனிலேயே சோதித்துக்கொள்ளும் முறை வந்தது, இரைச்சலுக்குள் மூன்று மூன்று எண்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஹியர்ஹூ' ஆப்பும் அதே வழிதான். ஆனால் தமிழில் அதிலும் சிக்கல்: ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் இரண்டு அசை. ஒம்பது மட்டும் மூன்று, நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். போதாததற்கு எங்கள் ஊரில் போன் நம்பர் சொல்லும்போது பாதிப் பேர் 'நைன், எய்ட்' என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் விஷயம். ஒரு காதில் மட்டும் குறைவு, அல்லது திடீரென்று குறைந்தது என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு இன்றே ஈஎன்டி டாக்டரிடம் போங்கள், நாள் கடத்தக் கூடாது. அப்படி இல்லையென்றால் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) இருக்கும் இடமாகப் பார்த்துப் போய், "இரைச்சலில் பேச்சுச் சோதனை வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஹியரிங் எய்ட் வாங்கச் சொன்னால் உடனே பணம் கட்ட வேண்டாம், இரைச்சலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கேட்கும் குறைவில் ஒலி மங்குவது ஒரு பங்கு, ஒலி சிதைவது இன்னொரு பங்கு என்று பிளாம்ப் என்ற டச்சு ஆய்வாளர் 1978-இல் பிரித்துக் காட்டினார். ஒலியைக் கூட்டினால் முதல் பங்கு தீரும், இரண்டாவது தீராது. முன்னால் இருப்பவர் பேச்சைத் தனியாகப் பிடிக்கும் மைக் உள்ள ஹியரிங் எய்ட் என்றால் கொஞ்சம் உதவும்.

அதுவரை பந்தியில் சுவருக்கு முதுகு கொடுத்து, பேசுபவரின் முகம் தெரியும்படி உட்காருங்கள். உதட்டைப் பார்ப்பதே பாதி கேட்பதற்குச் சமம். பெரியப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். நாங்களும் கத்துவதை நிறுத்திவிட்டு, டிவியை அணைத்துவிட்டுப் பேசுகிறோம். சீரியல் நேரத்தில் மட்டும் பெரியம்மா அணைக்க விடுவதில்லை.