பாட்டி குழந்தையா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயால் முடங்கியவர்களை மறுபடி அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மனித வளர்ச்சிப் பாடத்தில் பிறப்பு முதல் முதுமை வரை அட்டவணை அட்டவணையாகப் படித்துத் தேர்வும் எழுதிவிட்டேன். வீட்டில் பாட்டிக்கு ஆறு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அம்மாதான் ஊட்டிவிடுகிறார். "அவங்களே சாப்பிடட்டும்மா" என்றால், "பாட்டி இப்போ குழந்தை மாதிரிடி. நாலு எழுத்து படிச்சுட்டு, செய்யாதேன்னு சொல்ல வந்துட்டே" என்று அழுகிறார். வகுப்பிலும் முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம் என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் அம்மா செய்வது சரிதானா?

மூன்றாமாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை. 1963இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அன்றாட வேலைகள் ஆறை வைத்து ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நோயில் விழுந்து தேறும் முதியவர்களுக்குச் சாப்பிடுவதும் மலசலத்தை அடக்குவதும் முதலில் திரும்புகின்றன. எழுந்து நாற்காலிக்கு மாறுவதும் கழிப்பறை போய்வருவதும் அடுத்து. உடுத்துவதும் குளிப்பதும் கடைசியில். குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையும் இதை ஒத்தது என்று அவர்களே கவனித்து எழுதினார்கள்.

சரி, வரிசை ஒன்றுதான். ஆள் ஒன்றில்லை. சோற்றைக் கீழே சிந்திய குழந்தை சிரிக்கும். பாட்டி சிந்தினால் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பார். இந்த வித்தியாசத்தை முப்பது வருஷம் ஆக்குபேஷனல் தெரபி வேலை பார்த்த நானே என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

என் அம்மாவுக்கு விழுந்தது வலது பக்கம். "இடது கையால சாப்பிடுங்க, பழகிடும்" என்று தொழில்காரன் தோரணையில் சொன்னேன். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு "வயிறு நிறைஞ்சிருக்கு" என்றார். மூன்று நாள் வயிறு நிறைந்தேதான் இருந்தது. அறுபது வருஷமாக எந்தக் கையை எதற்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தாரோ, அந்தக் கையைச் சோற்றில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்! நான் படித்த புத்தகங்களில் முள்கரண்டியும் கத்தியும் இருந்தன, இந்தச் சங்கடம் இல்லை. கடைசியில் ஒரு ஸ்பூனின் காம்பில் பழைய துண்டைச் சுற்றித் தடிமனாக்கி, தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி போட்டு வைத்தேன். சாப்பிட்டார். ஸ்பூன் பிடிப்பது கை வைப்பதாகாது என்பது அவர் சட்டம். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் ஸ்பூன் கீழே போய்விடும்.

உங்கள் பாட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இன்னொன்று இருக்கலாம். இடது பக்கம் விழுந்தால் அடி வலது மூளையில். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் ஏறாது. இது கண்ணின் கோளாறு இல்லை. தட்டின் வலது பாதியைத் துடைத்த மாதிரி சாப்பிட்டுவிட்டு, இடது பாதி சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் "போதும்" என்பார்கள். பசி இல்லை, பாவம் என்று நாம் ஊட்ட ஆரம்பித்துவிடுவோம். உங்கள் வீட்டில் ஊட்டல் இப்படித்தான் தொடங்கியதா என்று அம்மாவிடம் கேளுங்கள். மீதிச் சோறு வலது பக்கம் வரும்படி தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள். அப்புறம் இடது ஓரத்தில் ஊறுகாயை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதம் சப்பாணிப் பருவம். இரண்டு கையும் நடுவில் சேர்ந்து கொட்டும் வயது. விழுந்த கையை நல்ல கையோடு கோத்து நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லும் போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். அதே சொல்லைத்தான் தெருவில் நடக்க முடியாதவனைக் கேலி செய்யவும் வைத்திருக்கிறோம்.

இனி உங்கள் அம்மா. அட்டவணையில் பாட்டியின் கட்டத்தை மட்டும் பார்த்தீர்கள், அம்மாவின் கட்டத்தை விட்டுவிட்டீர்கள். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கைக்கு வகுத்த எட்டுக் கட்டங்களில் ஏழாவது, நடுவயது. அந்த வயதின் பலமாக அவர் சொன்னதே பராமரிப்புதான். அந்த வயதுக்காரரிடம் போய் "செய்யாதே" என்றால் அழாமல் என்ன செய்வார்? அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள், வேலையை மாற்றிக் கொடுங்கள். ஜாக்கெட் போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இதை அம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள், மீதியைப் பாட்டி இழுத்துக்கொள்வார். அம்மாவின் முதுகும் தூக்கமும் எப்படி இருக்கின்றன என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

காலையில் குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனுக்கும் நடுவே இதையெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக் காபியில் தொடங்குங்கள். தண்ணீர் குடிக்கும்போது பாட்டிக்குப் புரையேறுகிறதென்றால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு. சூடு ஆறிய பிறகு அரை டம்ளர் போதும், வலது கையில். அந்த நேரம் பார்த்து அம்மாவைத் துணி எடுக்க மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். எதிரில் உட்கார்ந்தால் அவர் கை சும்மா இருக்காது.