ஆஸ்கார் மீனுக்கும் ஆஸ்கார் விருதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. தொட்டியில் வளர்க்கிற ஆஸ்கார் தென் அமெரிக்க ஆற்று மீன், வால் ஓரத்தில் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி இருக்கும், ஓரடி வரைகூட வளர்ந்துவிடும் என்பதால் சின்னத் தொட்டி வாங்கியவர்கள் பாடு திண்டாட்டம்தான். விருதுக்கு முறையான பெயர் அகாடமி விருது; ஆஸ்கார் செல்லப்பெயர். 1961இல் விண்ணுக்குப் போன ஆஸ்கார் 1 என்ற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளின் பெயரோ வெறும் முதலெழுத்துகளைக் கோத்தது.

ஆனால் எல்லாமே தற்செயல் இல்லை. மெர்க்குரி என்றால் புதன் கிரகம், பாதரசமும் அதே பெயர்தான். பழைய ரசவாதிகள் ஒவ்வொரு உலோகத்தையும் ஒரு கிரகத்தோடு ஜோடி சேர்த்தார்கள், சூரியனை வேகமாகச் சுற்றும் புதனுக்குக் கையில் நிற்காமல் உருண்டோடும் பாதரசம் பொருத்தமாகத்தான் அமைந்தது. அப்புறம் 1958இல் தொடங்கிய அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்கும் மெர்க்குரி என்றே வைத்தார்கள்.