சித்தப்பா சொன்னார் என்று தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்

குலசேகரத்து அம்மாவுக்கு,

மகளுக்கு இரண்டாவது முறையும் நீட்டில் இடம் கிடைக்காததால் வீடே இழவு வீடு போல் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் ரப்பர் தோட்டத்தை அடகு வைத்து அவளை ஜார்ஜியாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்பும் சித்தப்பாவின் யோசனை வேண்டவே வேண்டாம். அங்கே முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேற வேண்டும். தவறினால் வட்டி கட்டுவது நீங்கள்தான், சித்தப்பா அல்ல.

அப்பா ஏன் விடியுமுன்னே பால் வெட்டப் போகிறார், வெயிலேறினால் பால் ஏன் குறைகிறது என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் மரம் நீரை இழக்க, உள்ளழுத்தம் குறைகிறது; பால் வரத்தும் குறைகிறது. இப்படி நேரத்தைக் கவனிக்கிற பிள்ளைகளுக்கென்றே காலஉயிரியல் என்று ஒரு துறை இருக்கிறது; உயிர்களுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்வது அது. 2017 மருத்துவ நோபல் இதற்குத்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் இதில் பெரும்பணி செய்தார்.

நம் செல்களுக்குள் ஒரு நாள் கடிகாரம் ஓடுகிறது. அதன் கிளாக், பிமால்1 புரதங்கள் வீ1 என்ற மரபணுவை இயக்குகின்றன. அதிலிருந்து உருவாகும் வீ1 புரதம், செல் பிளவைத் தொடங்கிவைக்கும் நொதியைப் பூட்டிவைக்கும். ஒரு பகுதி வெட்டப்பட்ட எலியின் கல்லீரல் மீண்டும் வளரும்போது, செல்கள் பிளவுபடும் வேளையை இந்தப் பூட்டு கட்டுப்படுத்துவதை 2003இல் கண்டார்கள். புற்றுநோய் ஆய்வுக்கும் இது வேண்டிய அறிவு.

ஆய்வகத்தில் குதிரைச் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) பாதிக்குப் பாதி கலந்த ஊடகத்தில், அதாவது செல் வளர்க்கும் திரவத்தில், செல்களை 2 மணி நேரம் வைத்து எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக்குவார்கள். பிறகு 48 மணி நேரம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை செல் மாதிரி எடுக்க வேண்டும், நடுராத்திரியும் உண்டு. ஒன்றாக்காவிட்டால் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு நேரம் காட்டும், சராசரியில் ஏற்ற இறக்கமே தெரியாது. இடையில் ஊடகத்தை மாற்றினாலும் கடிகாரம் நகர்ந்துவிடும். பொறுமையுள்ள கைக்கான வேலை இது.

வழி: வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், பிறகு எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வில் உயிரித்தொழில்நுட்பத் தாள். அதில் பிளஸ் டூ அளவில் கணிதம், இயற்பியல், வேதியியலும் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். முதலாம் ஆண்டிலிருந்தே விடாமல் படிக்க வேண்டும். எம்.எஸ்சி.க்குப் பின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம் வரை பத்து வருடம் ஆகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லை.

இதையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பிள்ளையை உட்காரவைத்துக் கேளுங்கள். சித்தப்பா இல்லாத நேரத்தில்.